மேனர் லார்ட்ஸ்: அடுத்த அப்டேட் எப்போது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஏப்ரல் 26 அன்று எர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது முடிவடையாத விளையாட்டு என்று சொல்லியே, விற்பனைக்கு வந்தது மேனர் லார்ட்ஸ். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஃபிராங்கோனியாப் பகுதியை ஒட்டிய நிலத்தில் ஒரு சிற்றூரைக் கட்டி எழுப்பி, வரி வாங்கி, படை திரட்டி, பக்கத்து மண்டலங்களைப் பிடிக்கும் விளையாட்டு. முதல் 24 மணி நேரத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றன. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே சமயத்தில் 1,73,000 பேருக்கு மேல் ஆடினார்கள். பிறகு கூட்டம் குறைந்தது, இடைவெளிகள் நீண்டன, "செத்துப்போச்சா?" என்ற கேள்வி வந்தது. அதையும் அதையொட்டி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இவ்வளவு பணம் வந்த பிறகும் ஏன் ஆள் எடுத்து வேகமாக முடிக்கவில்லை?

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். போலந்தைச் சேர்ந்த கிரெக் ஸ்டிச்சென் என்ற ஒருவர் ஸ்லாவிக் மேஜிக் என்ற பெயரில் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய விளையாட்டு இது. "முழுக்க ஒரே ஆள்" என்பது கொஞ்சம் மிகை. ஓவியம், இசை, அசைவுப் பதிவு போன்றவற்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் நிரலின் நடுப்பகுதி ஒருவர் தலையில் இருந்தது உண்மை. வெளியிட்டது ஹூடெட் ஹார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். வெளியீட்டுக்குப் பிறகு குழு பெரிதானது.

பணம் கொடுத்தால் ஆள் வருவார். ஆனால் அந்த ஆளுக்கு நிரல் புரிய வேண்டும். ஒருவர் தன் வசதிக்கு எழுதி வைத்த நிரலில் எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அவர் மண்டைக்குள்தான் இருக்கும். புதிதாக வந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க உட்காரும் நாட்களில் அவர் நிரல் எழுதுவதில்லை. ஆகவே ஆள் சேர்த்த முதல் சில மாதங்களில் வேகம் கூடாது, குறையும். சமையல் தெரிந்த ஒருத்தர் அடுப்படியில் திடீரென்று நாலு பேர் உதவிக்கு வந்து "உப்பு எங்கே, புளி எங்கே" என்று கேட்கும் கதைதான். நாலு பேரும் பழகிய பிறகு பந்தி வேகமாக நடக்கும், அதற்கு முன்னால் அல்ல.

விலையையோ அளவையோ கொஞ்சம் மாற்றுவதற்கு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். மாற்றிய பின் ஊர் பிழைக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் நாட்கள்.

ஒரு ரொட்டியைப் பின்தொடர்ந்து பாருங்கள். கோதுமை விளைகிறது, அறுவடையாகிறது, கதிரடிக்கப்பட்டு ஆலைக்குப் போய் மாவாகி அடுப்புக்கு வந்து ரொட்டியாகிறது. களஞ்சியத்தில் வேலை பார்க்கும் குடும்பம் அதை எடுத்துப்போய்ச் சந்தையில் உணவுக் கடை போடுகிறது. துணிக்கும் விறகுக்கும் கடை போடுவது கிடங்குக் குடும்பங்கள். சந்தையிலிருந்து வீட்டுக்கு எத்தனை வகை உணவு கிடைக்கிறது என்பதை வைத்து மக்களின் ஒப்புதல் ஏறி இறங்குகிறது. முதலில் வந்த பதிப்பின் கணக்குப்படி, ஒப்புதல் 50 சதவீதத்தைத் தாண்டினால், காலி வீடு இருக்கும் பட்சத்தில், மாதம் ஒரு குடும்பம் குடிவரும். 75-ஐத் தாண்டினால் இரண்டு. குடும்பம் வந்தால்தான் வேலைக்கு ஆள், படைக்கும் ஆள்.

இப்போது "ஒரு வீடு மாதத்துக்குத் தின்னும் ரொட்டி" என்ற ஒரே எண்ணைக் கூட்டினால் என்ன ஆகும்? சந்தையில் ரொட்டி தீர்கிறது. இரண்டு வகை உணவு கேட்கும் 2-ஆம் நிலை வீடுகளுக்கு ஒரு வகைதான் கிடைக்கிறது. ஒப்புதல் 52-லிருந்து 48-க்கு இறங்குகிறது. புதுக் குடும்பம் வருவது நின்றுபோகிறது. இதெல்லாம் மெல்ல நடக்கும், விளையாட்டுக்குள் ஓராண்டு கழித்துத்தான் கண்ணில் படும். சோதிப்பவர் 10 குடும்பம் உள்ள ஊரிலும் 150 குடும்பம் உள்ள ஊரிலும் சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். வரைபடத்துக்கு வரைபடம் மண்வளமும் மாறுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியான புதிதில் வில்லாளர்கள் அம்பு விட்டும் எதிரி அசராமல் நின்றது பலருக்கு நினைவிருக்கும். வெளியீட்டுக்குச் சற்று முன்பு அவர்களின் பலத்தைத் தேவைக்கு மேல் குறைத்துவிட்டார்கள். பின்னர் வந்த பேட்ச்சில், அதாவது சிறு திருத்த அப்டேட்டில், ஏற்றினார்கள். அவசரமாக எண்ணைத் தொட்டதன் விளைவு அது.

கோட்டை முற்றுகை எங்கே? எதிரிப் பிரபுவுக்கு ஊரே இல்லையே?

வெளியீட்டுப் பதிப்பில் ஹில்டெபோல்ட் என்ற பிரபு மண்டலங்களை உரிமை கொண்டாடுவார், கொள்ளையரை அடிப்பார், படை அனுப்புவார். ஆனால் வரைபடத்தில் அவருக்கென்று ஓர் ஊர் இல்லை. படை வரைபடத்துக்கு வெளியிலிருந்து நடந்து வரும். "எதிரி ஏமாற்றுகிறான்" என்ற புகாருக்கு வேர் இதுதான். நியாயமான புகார்.

இதைச் சரிசெய்வது ஏன் கடினம் என்றால், இந்த விளையாட்டில் கட்டம் கிடையாது. சாலையை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். வீட்டு மனையை நான்கு மூலை குத்தி, இஷ்டத்துக்குச் சாய்த்து வரையலாம். நாம் கண்ணால் பார்த்து "இந்தச் சரிவில் வீடு நிற்காது, அந்தப் பக்கம் மண் நல்லது" என்று முடிவெடுக்கிறோம். கட்டம் உள்ள விளையாட்டில் கணினிக்கு "இந்த 3 கட்டம் காலி" என்பது போதும். இங்கே அது சாலையை வரைந்து, சாலையோரம் மனை வரைந்து, மனைக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்துக்கு நிலம் விட்டு, கிணற்றுக்கு நிலத்தடி நீர் பார்த்து, பின்பு நம்மைப் போலவே பட்டினி கிடக்காமல் பொருளாதாரம் நடத்தவும் வேண்டும்.

முற்றுகையும் அப்படித்தான். மாளிகையைச் சுற்றி மரவேலியையும் கோபுரத்தையும் நாம் விருப்பம்போல் நடுகிறோம். எந்த வடிவத்தில் வேலி போட்டாலும், படைவீரன் எங்கே வாசல், எங்கே பலவீனம் என்று கண்டுபிடித்து நடக்க வேண்டும். ஒரு வளைவில் 36 பேர் சிக்கி நின்றால் அடுத்த நாளே காணொளி போட்டுச் சிரிப்பார்கள். இதை அரைகுறையாக வெளியிடுவதைவிடத் தாமதிப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் மேம்பாட்டு மரத்திலும் கொள்கைப் பக்கத்திலும் "பிறகு வரும்" என்று காலி இடங்களைக் காட்டிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டது தவறு. காட்டியதைத்தான் ஆள் எதிர்பார்ப்பார்.

எஞ்சின் மாற்றம் என்றார்கள். அதனால் எனக்கு என்ன லாபம்?

விளையாட்டு அன்ரியல் 4 எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பிறந்து பின்னர் அன்ரியல் 5-க்கு மாற்றப்பட்டது. வீடு மாறுவது போல: சாமான் எல்லாம் அதேதான், ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒளி, நிழல், துணி அசைவு, பாதை கண்டுபிடித்தல் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அந்த நாட்களில் வெளியே புதுக் கட்டடம் எதுவும் தெரியாது. ஆடுபவருக்கு "ஒன்றும் நடக்கவில்லை" என்று தோன்றும் இடைவெளிகளில் ஒரு பகுதி இப்படிப்பட்ட வேலைக்குப் போனது.

நடைமுறையில் இதனால் வரும் ஒரு குழப்பம்: எஞ்சின் மாறியதும் உங்கள் பழைய படத்தர அமைப்புகள் காணாமல் போகும். அன்ரியல் 4 தன் அமைப்புக் கோப்புகளை "விண்டோஸ்நோஎடிட்டர்" என்ற கோப்புறையில் வைக்கும், அன்ரியல் 5 "விண்டோஸ்" என்ற கோப்புறையில் வைக்கும். பழையதிலிருந்து புதியதற்கு நகல் எடுத்துப் போடாதீர்கள், திரை நடுங்கும் பிரச்சினைகள் அதனால் வரலாம். புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பின் முதல் தடவை திறக்கும்போது ஷேடர்கள் (ஒளி, நிழலை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும்வரை படம் விக்கி விக்கி ஓடும். அதற்குள் "ஆப்டிமைசேஷன் மோசம்" என்று முடிவு கட்ட வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரைப் புதுப்பித்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பாருங்கள்.

கைவிடப்பட்டதா, மெதுவாகப் போகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலாவது, கடைப் பக்கம். எர்லி ஆக்சஸ் விளையாட்டு ஓராண்டுக்கு மேல் அப்டேட் ஆகாமல் கிடந்தால், "கடைசி அப்டேட் இத்தனை மாதங்களுக்கு முன்" என்று ஸ்டீமே எச்சரிக்கை போடுகிறது. 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த வசதி இது. அந்த வாசகம் இல்லையென்றால் குறைந்தபட்சம் ஓராண்டுக்குள் ஏதோ வந்திருக்கிறது.

இரண்டாவது, ஸ்டீம் விளையாட்டுகளின் தகவல்களைத் திரட்டிக் காட்டும் ஸ்டீம்டிபி தளம். இது பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டின் பெயரைத் தேடித் திறந்து, கிளைகள் (ஒரே விளையாட்டின் வெவ்வேறு பதிப்புகள்) பட்டியலுக்குப் போங்கள். "பப்ளிக்" என்பது நம் கையில் இருக்கும் பதிப்பு. அதற்குக் கீழே வேறு கிளைகள் இருக்கும், சிலவற்றில் பூட்டுக் குறியும் இருக்கும். அவை குழுவினரும் சோதனையாளர்களும் பயன்படுத்துபவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பில்ட் எண்ணும் கடைசியாக மாறிய நேரமும் தெரியும். பப்ளிக் கிளை ஐந்து மாதமாக அசையாமல், பூட்டிய கிளை மூன்று நாளைக்கு முன் மாறியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. எல்லாக் கிளையும் பல மாதமாக உறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்டேட் என்ன கொண்டுவரும், எப்போது வரும் என்பதை இது சொல்லாது. மூச்சு இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும்.

மூன்றாவது, அறிவிப்புகளின் தன்மை. "விரைவில் பெரிய செய்தி" என்பது அறிவிப்பு அல்ல. புதுக் கோட்டைத் திட்டத்தின் படம், மாற்றப்பட்ட சந்தையின் விளக்கம், தெரிந்த பக்குகளின் (நிரல் பிழைகளின்) பட்டியல் என்று குறிப்பாக எழுதுபவர்கள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். 2025-இல் பெரிய அப்டேட்டுகளுக்கு நடுவே விழுந்த நீண்ட இடைவெளியில் ஆத்திரம் ஏறியதற்குத் தாமதத்தைவிட, நடுவில் பேச்சு குறைந்ததே முக்கியக் காரணம். நான்கு வரி எழுதினால் ஒரு நாள் வேலை கெடாது. இதில் ஆடுபவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

ரோட்மேப் (அடுத்து வரும் அம்சங்களின் திட்டம்) ஏன் தேதியோடு வருவதில்லை?

எர்லி ஆக்சஸ் விற்பனைக்கான ஸ்டீமின் வழிகாட்டுதலே, எதிர்காலம் பற்றிக் குறிப்பான வாக்குறுதி கொடுக்காதே என்கிறது. தேதி சொல்லித் தவறினால் வரும் வசவு, தேதி சொல்லாததற்கு வரும் வசவைவிடப் பெரிது என்பதும் எல்லா டெவலப்பருக்கும் தெரியும்.

எர்லி ஆக்சஸ் வாங்கினால் சட்டப்படி எனக்கு முழு விளையாட்டு கிடைத்தே ஆகவேண்டுமா?

இல்லை. 2013 மார்ச்சில் ஸ்டீம் இந்த முறையைத் தொடங்கியதிலிருந்து இதுதான் நிலை. சில குழுக்களால் விளையாட்டை முடிக்க முடியாமல் போகலாம், இப்போதுள்ள நிலையிலேயே ஆட ஆர்வம் இருந்தால் மட்டும் வாங்குங்கள் என்று ஸ்டீம் வெளிப்படையாகவே சொல்லிவைத்திருக்கிறது. கடைப் பக்கத்தில் நீலப் பெட்டிக்குள், எத்தனை காலம் எர்லி ஆக்சஸில் இருக்கும், முழுப் பதிப்பில் என்ன மாறும், விலை ஏறுமா என்ற கேள்விகளுக்கு டெவலப்பரே பதில் எழுதியிருப்பார். வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது அந்தப் பெட்டியைத்தான், டிரெய்லரை அல்ல.

வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு ஸ்டிச்சென் எழுதிய விளக்கமும் படிக்கத்தக்கது. இது டோட்டல் வார் என்ற போர் விளையாட்டுத் தொடருக்குப் போட்டி அல்ல, போர்கள் உண்டு என்றாலும் முதன்மையாக ஊர் கட்டும் விளையாட்டு, நாயகனை வளர்க்கும் விளையாட்டும் அல்ல என்று அதில் சொல்லியிருந்தார். படித்தவர்கள் குறைவு.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் காரணம் கேட்காமல் திரும்பத் தருவார்கள். எர்லி ஆக்சஸுக்கும் அதே கணக்கு. அதற்கு மேல் போனாலும் விண்ணப்பிக்கலாம், பரிசீலிப்பார்கள், உறுதி கிடையாது. "அப்டேட் வரவில்லை" என்ற காரணம் 40 மணி நேரம் ஆடியவருக்கு அநேகமாக எடுபடாது. இன்னொரு இணைய விளையாட்டுக் கடையான ஜிஓஜியில் வாங்கியவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, ஆடியிருந்தாலும்.

ஒரு எச்சரிக்கை: இந்த விளையாட்டில் 2 மணி நேரம் என்பது முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதற்குள் போய்விடும். இடைநிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் மணி ஓடும். சோதித்துப் பார்க்கத்தான் வாங்கினீர்கள் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்.

பீட்டாவில், அதாவது சோதனைப் பதிப்பில், ஆட வேண்டும். எப்படி?

பெரிய அப்டேட்டுகள் முதலில் சோதனைக் கிளையில் வரும், சில வாரம் கழித்து எல்லோருக்கும். காத்திருக்க முடியாதவர்கள் இப்படிச் செய்யலாம்:

1. முதலில் சேவ் கோப்புகளை (உங்கள் ஊர் சேமிக்கப்பட்ட கோப்புகளை) நகல் எடுங்கள். அடுத்த பதிலில் வழி இருக்கிறது.
2. ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டின் பெயர் மீது வலது கிளிக், "பிராப்பர்டீஸ்".
3. இடது பக்கம் "பீட்டாஸ்" என்ற சொல் உள்ள பகுதி. கீழிறங்கும் பட்டியலில் சோதனைக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கேட்டால் அது அந்த அப்டேட்டின் அறிவிப்பிலேயே இருக்கும், எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டுங்கள்.
4. பதிவிறக்கம் முடிந்ததும் முதன்மைத் திரையில் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் ஸ்டீமை மூடித் திறங்கள்.
5. புது ஆட்டம் தொடங்குங்கள். பழைய ஊரைத் திறக்காதீர்கள்.

ஐந்தாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. சோதனைக் கிளையில் திறந்து சேமித்த ஊர், திரும்பப் பொதுப் பதிப்புக்கு வந்தால் பெரும்பாலும் திறக்காது. புதிய பதிப்பின் சேவ் கோப்பைப் பழைய பதிப்புக்குப் படிக்கத் தெரியாது.

சேவ் கோப்பு எங்கே இருக்கிறது?

விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் "ஆப்டேட்டா", அதற்குள் "லோக்கல்", "மேனர்லார்ட்ஸ்", "சேவ்ட்", "சேவ்கேம்ஸ்". ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. தெரியவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரில் "வியூ" பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். சேவ்கேம்ஸ் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, பெயரில் பதிப்பு எண்ணைச் சேர்த்து வேறு டிரைவில் வையுங்கள்.

நகலைத் திரும்ப வைக்கும்போது ஒரு வில்லங்கம். ஸ்டீம் க்ளவுட் (சேவ் கோப்புகளின் நகலை இணையத்தில் வைக்கும் வசதி) இயங்கினால், நீங்கள் வைத்த பழைய கோப்பின் மேல் மேகத்தில் உள்ளதை அது எழுதிவிடும். முதலில் பிராப்பர்டீஸில் "ஜெனரல்" பகுதியில் க்ளவுட்டை நிறுத்துங்கள், கோப்பை வையுங்கள், விளையாட்டைத் திறந்து ஊர் வருகிறதா என்று பாருங்கள், பிறகு இயக்குங்கள். "எந்தக் கோப்பை வைத்துக்கொள்ள" என்று ஸ்டீம் கேட்டால் உங்கள் கணினியில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு நன்றாக ஓடிய ஊர் படுத்துவிட்டது. நிரல் பிழையா?

பிழையாகவும் இருக்கலாம், கணக்கு மாறியதாகவும் இருக்கலாம். பார்க்கும் வரிசை இது. முதலில் மாற்றப் பட்டியலில் உணவு, சந்தை, வணிகம் என்ற சொற்களைத் தேடுங்கள். அடுத்து ஒரு வீட்டைச் சொடுக்கி எந்தத் தேவை சிவப்பில் இருக்கிறது என்று பாருங்கள். விறகு சிவப்பாக இருந்தும் கிடங்கில் விறகு குவிந்திருந்தால், குறை விறகில் இல்லை, கடை போடும் குடும்பத்தில் இருக்கிறது. கிடங்குக்கு இன்னொரு குடும்பத்தை ஒதுக்குங்கள்.

கட்டட வேலை மொத்தமும் நின்றிருந்தால் எருதைத் தேடுங்கள். மரத்தடியை இழுப்பது எருதுதான், ஒரு தடவைக்கு ஒரு தடி. ஒரே எருது எங்கேயோ சிக்கி நின்றால் ஊரே நிற்கும், நமக்குத் தெரிவது "மரம் போதவில்லை" என்ற குறி மட்டும். எருதை ஒரு கட்டடத்துக்கு ஒதுக்கி, மறுபடி விடுவித்துப் பாருங்கள். சேமித்து மறுபடி திறந்தால் பல சமயம் நகரும். மரவெட்டி முகாமுக்கென்று ஓர் எருதை நிரந்தரமாகக் கொடுத்து, கட்டுமானத்துக்கு இன்னொன்று வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

மோட் (ஆடுபவர்கள் உருவாக்கிய கூடுதல் மாற்றங்கள்) போட்டிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அதை எடுங்கள். பிராப்பர்டீஸில் "இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ்" பகுதியில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். அப்படிச் சரிபார்த்தாலும் மோட் சேர்த்த புதுக் கோப்புகள் அழியாது, கையால்தான் நீக்க வேண்டும்.

பேட்ச் சில நூறு எம்பிதான் காட்டுகிறது. ஆனால் டிஸ்க்கில் ஜிபி கணக்கில் எழுதுகிறதே?

அன்ரியல் விளையாட்டுகளில் படம், ஒலி எல்லாம் சில பெரிய மூட்டைக் கோப்புகளாகக் கட்டப்பட்டிருக்கும். மூட்டைக்குள் ஒரு பொருள் மாறினாலும் ஸ்டீம் புது மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் பழையதை நீக்கும். இறங்குவது மாறிய பகுதி மட்டும், எழுதுவது முழு மூட்டை. எனவே விளையாட்டின் அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு காலி இடம் வைத்திருங்கள். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அப்டேட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸ் பதிப்புக்கு அப்டேட் ஏன் பின்னால் வருகிறது?

மைக்ரோசாஃப்ட் கடையில் ஒவ்வொரு பதிப்பும் அவர்களின் சோதனையைத் தாண்டி வர வேண்டும். ஸ்டீமில் டெவலப்பரே பொத்தானை அழுத்தலாம். அவசரத் திருத்தங்கள் அங்கே சில நாள் பிந்துவது வழக்கம்.

நிரல் பிழையை (பக்) எப்படித் தெரிவித்தால் கவனிப்பார்கள்?

"விளையாட்டு ஓடவில்லை, சரிசெய்யுங்கள்" என்பதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. பதிப்பு எண், எந்த வரைபடம், என்ன செய்யும்போது நடந்தது, மறுபடி செய்தால் மறுபடி நடக்கிறதா, இவை நான்கும் வேண்டும். பக் நிகழ்வதற்கு ஒரு நிமிடம் முந்தைய சேவ் கோப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. திடீரென்று மூடிக்கொள்வதாக இருந்தால், முன்பு சொன்ன "சேவ்ட்" கோப்புறைக்குள்ளேயே "க்ராஷஸ்", "லாக்ஸ்" என்று இருக்கும், கடைசித் தேதியிட்டதை இணையுங்கள். மறுபடி திறப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள், லாக் கோப்பு ஒவ்வொரு தடவையும் புதிதாகிவிடும்.

கோபத்தில் எதிர்மறை விமர்சனம் போடலாமா?

தாராளமாக. அது உங்கள் உரிமை, வேலையும் செய்யும். கடைப் பக்கத்தில் கடந்த 30 நாள் விமர்சனங்கள் தனிக் கணக்காகக் காட்டப்படுகின்றன. நேர்மறை 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் "கலவை" என்று மஞ்சள் நிறத்தில் வரும், வெளியீட்டாளர் கண்ணில் உறுத்தும். ஆனால் "செத்த விளையாட்டு" என்று இரண்டு சொல் எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை. எந்தப் பதிப்பில் எழுதுகிறீர்கள், 20 மணி நேரத்துக்குப் பின் எது தீர்ந்துபோகிறது, எந்தப் பகுதி காலியாக இருக்கிறது என்று எழுதுங்கள். அப்டேட் வந்ததும் திருத்தலாம், ஸ்டீம் அதற்கு வசதி வைத்திருக்கிறது.

டெவலப்பரின் தனிப்பட்ட கணக்கில் போய்த் திட்டுவது வேறு கதை. அதற்கு இங்கே ஆதரவு இல்லை.

ஆடுபவர் எண்ணிக்கை சரிந்ததே, அது தோல்விதானே?

2024 ஜூலையில் இதைப் பற்றியே ஒரு வாக்குவாதம் நடந்தது. ஹின்டர்லேண்ட் என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்தின் தலைவர் ரஃபயெல் வான் லீரப், எர்லி ஆக்சஸுக்குப் போதிய உள்ளடக்கமும் அப்டேட் வேகமும் இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேனர் லார்ட்ஸ் ஒரு பாடம் என்ற பொருளில் எழுதினார். ஹூடெட் ஹார்ஸின் தலைவர் டிம் பெண்டர் கடுமையாக மறுத்தார். ஆடியவர்கள் திருப்தியாக ஆடிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய், விருப்பப்பட்டால் அப்டேட்டுக்குத் திரும்புவது இயல்பு, விளையாட்டு என்றால் ஓயாமல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் நோய் என்பது அவர் வாதம்.

பெண்டர் சொன்னதில் சாரம் இருக்கிறது. இது தனியாள் ஆடும் விளையாட்டு. 50,000 பேர் இல்லையென்றால் உங்கள் ஊர் ஓடாமல் போகாது. ஆனால் வான் லீரப் பக்கமும் ஒன்று நிற்கிறது: முதல் ஊரை முடித்ததும் "அடுத்து என்ன" என்ற வெறுமை வெளியீட்டுப் பதிப்பில் சீக்கிரமே வந்தது. அதைச் சொன்னவர்களையெல்லாம் பொறுமையற்றவர்கள் என்று தள்ள முடியாது.

மத்தியகால வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட மற்ற விளையாட்டுகள் இதைவிட வேகமாக முடிந்தனவா?

பேனர்லார்ட் என்ற போர் விளையாட்டைப் பாருங்கள். துருக்கியின் அங்காராவில் உள்ள டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் அதை 2012-இல் அறிவித்து, 2020 மார்ச் 30 அன்று எர்லி ஆக்சஸில் விட்டது. ஏறக்குறைய ஓராண்டு என்று சொல்லப்பட்டது. முழுப் பதிப்பு 2022 அக்டோபர் 25 அன்றுதான் வந்தது. அதுவும் பல்லாண்டு அனுபவமுள்ள, முழு அலுவலகமே கொண்ட நிறுவனம். முதல் வாரங்களில் ஏறக்குறைய தினமும் பேட்ச் வந்தது, ஆடுபவர்கள் கொண்டாடினார்கள், ஆனால் ஒவ்வொன்றும் மோட்களை உடைத்தது. பிறகு மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தபோது அங்கும் இதே கூச்சல்தான். ஒரு விஷயத்தில் அவர்கள் மேல்: பீட்டாஸ் பட்டியலில் பழைய பதிப்புகளைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டார்கள். மோட்களோடு ஒரே பதிப்பில் நிம்மதியாக ஆட முடிந்தது.

இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா?

ஊர் கட்டுவது பிடித்தவர் என்றால் வாங்கலாம். சாலையோரம் வளைந்து வளைந்து மனை வரைந்து, அறுவடைக் காலத்தில் கீழே இறங்கி நடந்து பார்ப்பதற்கே கொடுத்த பணம் தகும் என்பார்கள் பலர். கோட்டை முற்றுகை, அரசியல் தந்திரம், எதிரியின் ஊரைச் சூறையாடுவது வேண்டுமென்றால், அந்த அம்சம் மாற்றப் பட்டியலில் "சேர்க்கப்பட்டது" என்று வந்த பிறகு வாங்குங்கள். "திட்டத்தில் உள்ளது" என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். விருப்பப் பட்டியலில் போட்டுவைத்தால் தள்ளுபடி வரும்போது மின்னஞ்சல் வரும்.

ஏற்கெனவே நடத்தும் ஊரை முடிக்கும்வரை அப்டேட் ஆகாமல் தடுக்க முடியுமா?

முழுமையாக முடியாது. பிராப்பர்டீஸில் "அப்டேட்ஸ்" பகுதியில், விளையாட்டைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று அமைத்துவிட்டு, ஸ்டீமை ஆஃப்லைன் நிலையில் திறந்து ஆடலாம். ஆன்லைனுக்குப் போய்த் திறந்த நிமிடம் அப்டேட் பிடித்துக்கொள்ளும். ஜிஓஜியில் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: நிறுவும் கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பதிப்பு அவர்கள் கையில்தான்.